கேன்டீன் காபியைப் பாராட்டிய நோயாளி

வார்டு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் நின்று நாலு வார்த்தை பேச வேண்டும் என்று சிஸ்டர் ஆள் அனுப்பியிருந்தார். என் முன்னால் நாலு பேர் உட்கார்ந்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் யாராவது உரக்கப் படியுங்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். படிக்கும்போது யாரும் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நான் பத்தாவதோடு படிப்பை விட்டவள். ராஜகீழ்ப்பாக்கத்தில் இந்த ஆஸ்பத்திரி சின்னதாக இருந்த காலத்தில் பெண்கள் வார்டு அட்டெண்டராகச் சேர்ந்தேன். முட்டி வலி பொறுக்க முடியாமல் போன வருஷம் நின்றுவிட்டேன். படுக்கை மாற்றுவது, பெட்பேன் வைப்பது, தரை துடைப்பது எல்லாம் உங்களுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

கூச்சம் இருப்பவர்கள் உங்களில் யாராவது இருந்தால், முதலில் ஒரு விஷயம். பார்வையாளர் நேரம் முடிந்ததும் சொந்தக்காரர்களை வெளியே அனுப்புவது அட்டெண்டர் வேலை. மற்றவர்கள் "டைம் ஆச்சு, கிளம்புங்க, கிளம்புங்க" என்று கையைத் தட்டுவார்கள். எனக்கு அது வராது. நான் பினாயில் வாளியைக் கொண்டுவந்து அவர்கள் காலடியில் வைத்துத் துடைக்க ஆரம்பிப்பேன். காலைத் தூக்குவார்கள். இன்னும் கொஞ்சம் துடைப்பேன். நகர்வார்கள். இப்படியே ஒரு குடும்பத்தைக் கட்டிலில் இருந்து வாசல் வரைக்கும் துடைத்துக்கொண்டே போய் விட்டுவிடலாம். வாயைத் திறக்கவே வேண்டாம். எங்கள் வார்டு பளபளவென்று இருந்ததற்கு இதுதான் காரணம். சுத்தத்துக்காக எனக்கு ஒரு தடவை பாராட்டுகூடக் கிடைத்தது.

ஆனால் துடைத்து அனுப்ப முடியாத ஒருவர் வந்தார். அவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் பெயர் தனகோட்டி. பம்மலில் வீடு. அறுபதைத் தாண்டியவர். கணவர் வேதாசலம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஒரு மகன், மருமகள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிக்கூடம் போகும் பேரன். தனகோட்டியம்மாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருந்தார்.

அவரிடம் நான் முதலில் கவனித்தது காபியைத்தான். நம் கேன்டீன் காபியை நீங்களும் குடித்திருப்பீர்கள். அதைப் பற்றி நான் எதுவும் எழுதத் தேவையில்லை. விடியற்காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் போனால், மயக்கம் தெளியாதவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தனகோட்டியம்மா மட்டும் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். கடைசிச் சொட்டு வரைக்கும்.

"மகேசு, அமிர்தம்மா!"

நான் கேனுக்குள் எட்டிப் பார்த்தேன். அதே காபிதான்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த லட்சுமி டீச்சருக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, ஆபரேஷன் வயித்துலதானே பண்ணாங்க? நாக்குல ஒண்ணும் பண்ணலயே?" என்று கேட்டார்.

"நீ குடிக்கலன்னா இப்டி குடு" என்று அவருடையதையும் வாங்கிக் குடித்தார் தனகோட்டியம்மா.

சனிக்கிழமை காலை டாக்டர் வந்து தையலைப் பார்த்தார். "சூப்பரா இருக்கு. இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம். ரெஸ்ட் எடுங்கம்மா, வெயிட் தூக்காதீங்க, ஆறு வாரத்துக்கு ஒரு வேலையும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தனகோட்டியம்மா கேட்டார்: "இன்னைக்கு இன்னா கெழம?"

"சனிக்கிழமை."

"சனிக்கெழம ஆஸ்பத்திரிய வுட்டுப் போனா தனியாப் போக மாட்டாங்க, இன்னொருத்தரையும் இஸ்துக்கினு வந்து படுப்பாங்க. எங்க வூட்ல யாரும் போக மாட்டோம்."

இது இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். சிஸ்டரும் சரி என்று விட்டுவிட்டார். அன்று மாலை வேதாசலம் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மனைவியைப் பாசமாகப் பார்த்தார்.

"நீ இல்லாம வூடு வூடாவே இல்லமே. மாவு காலி. ஆட்றதுக்கு ஆள் இல்ல. புள்ளைக்கு யூனிபாரம் தோய்க்கல. நீ வந்தாத்தான் எல்லாம் ஓடும்."

அவரைப் பொறுத்தவரை அது கொஞ்சல். தனகோட்டியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கரிநாள் என்றார். எங்கள் வார்டில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். நான் போய்ப் பார்த்தேன். கரிநாள்தான். திங்கட்கிழமை காலையில் கேட்டால் ராகு காலம். ராகு காலம் முடிந்து கேட்டால், கிளம்பறதுக்குள்ள எமகண்டம் வந்துடும் என்றார். மத்தியானம்? மத்தியானம் குளிகை. "குளிகைல செய்யற காரியம் திரும்பத் திரும்ப நடக்கும். ஆஸ்பத்திரிய வுட்டுக் குளிகைல போனா இன்னாத்துக்கு? திரும்பத் திரும்ப வர்றதுக்கா?"

சிஸ்டர் என்னிடம், "மகேஸ்வரி, இந்த அம்மாவுக்கு ஜாதகம் பார்த்து டிஸ்சார்ஜ் பண்ணணும்போல இருக்கு" என்றார். அதுவரைக்கும் சிரிப்புதான்.

திங்கட்கிழமை காலையில்தான் ஸ்டெல்லா வந்தாள்.

கீழ்க்கட்டளையில் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது விழுந்து முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. முப்பது வயதுகூட இருக்காது. வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். கணவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். எலும்பு டாக்டர் நம் ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமைதான் வருவார். அவருக்கு ஆபரேஷன் செய்ய ஆட்சேபணை இல்லை. ஆனால் பெண்கள் வார்டில் கட்டில் இல்லை. செவ்வாய் சாயங்காலத்துக்குள் கட்டில் காலியானால் இங்கேயே ஆபரேஷன். இல்லாவிட்டால் ஆம்புலன்ஸில் ஏற்றி ஊருக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டியது. அதுவரை கீழே கேஷுவாலிட்டியில், காலைக் கட்டி, டிராலியிலேயே படுக்க வைத்திருந்தார்கள்.

காலியாக வேண்டிய கட்டில் ஒன்றே ஒன்றுதான். அது ஜன்னல் ஓரக் கட்டில்.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஸ்டெல்லா என் புடவையைப் பிடித்துக்கொள்வாள். "அக்கா, கட்டில் காலி ஆச்சா? அவ்ளோ தூரம் அனுப்பிட்டா எங்க வூட்டுக்காரரு ஆட்டோ ஓட்டுவாரா, புள்ளைங்களப் பாப்பாரா, என்னை வந்து பாப்பாரா? இங்கன்னா சவாரிக்கு நடுவுல ஒரு எட்டு வந்துட்டுப் போவாரு."

"பார்க்கலாம்மா" என்பேன். வேறு என்ன சொல்வது?

"அந்த அம்மாவுக்கு ஒடம்பு எப்டிக்கீது? அவங்களுக்காகத்தாங்கா ஜெபம் பண்ணிக்கினு இருக்கேன். ஏசப்பா, அந்த அம்மாவ நல்லபடியா வூட்டுக்கு அனுப்புன்னு."

தன்னைத் தெரியாத ஒருத்தி கீழே படுத்துக்கொண்டு தனக்காக ஜெபிக்கிறாள் என்பது மேலே காபி குடித்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியாது.

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. என் மாமியார் வீட்டில் செய்வார்கள். கிளம்புகிற அன்றைக்கு நேரம் சரியில்லை என்றால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு பையை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பரஸ்தானம் என்று பெயர். பை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போகலாம், தோஷம் இல்லை.

இதைச் சிஸ்டரிடம் மெதுவாகச் சொன்னேன். சிஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தனகோட்டியம்மாவிடம் போய்ச் சொன்னார். அவரால் மறுக்க முடியவில்லை. ராகு காலம் முடிந்து எமகண்டம் பிறப்பதற்கு முன்னால் நல்ல நேரம் இருந்தது. தானே பையைக் கட்டினார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எல்லாம் வச்சாச்சி" என்று தலையை ஆட்டினார். காலையிலேயே வந்திருந்த வேதாசலம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போனார். டீக்கடைக்காரர் அதை வாழைப்பழத் தார் பக்கத்தில் ஆணியில் மாட்டினார். வேதாசலம் கீழே பெஞ்சில் உட்கார்ந்து காவல் காத்தார்.

நான் கீழே ஓடிப்போய் ஸ்டெல்லாவிடம், "பை போயிடுச்சும்மா" என்றேன்.

"ஆளு?"

"ஆளு நாளைக்கு."

அவள் கொஞ்சம் குழம்பினாள். இருந்தாலும் ஸ்தோத்திரம் சொன்னாள்.

மத்தியானம் சாப்பாடு வந்தது. சாம்பார் சாதம், கோஸ் பொரியல். தனகோட்டியம்மா தட்டைப் பார்த்தார். முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். உள்ளே ஒரு பல்கூட இல்லை.

"பல் செட்டு பைல போச்சிம்மா."

சிஸ்டர் வந்தார். "சாதத்தைக் குழைச்சுத் தரச் சொல்றேன், முழுங்குங்க."

"மெல்லாம முழுங்குனா எனக்கு எதுக்களிக்கும். வெறும் வயித்துல மாத்திர போடக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"சரி, பல்லை மட்டும் எடுத்துட்டு வரச் சொல்லுவோம். பை அங்கேயே இருக்கட்டும்."

"போன சாமான்ல ஒண்ணு திரும்பி வந்தாலும் பரஸ்தானம் போச்சி" என்றார் தனகோட்டியம்மா. வருத்தமாகத்தான் சொன்னார். ஆனால் சொன்ன வேகத்தைப் பார்த்தால் அதற்காகக் காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

டீக்கடைக்கு நான்தான் போனேன். வேதாசலம் பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பையைத் திறந்து துழாவினேன். மேலே இல்லை. ஓரத்தில் இல்லை. ஒவ்வொரு புடவையாக எடுத்து டீக்கடைக்காரர் கையில் கொடுத்தேன். அவர் கடைக்கு வந்தவர் கையில் கொடுத்தார். கடைசியில் அடியில், மடித்த பாவாடைக்குள், இரண்டு கர்ச்சீப்பில் சுற்றின பிளாஸ்டிக் டப்பாவில் பல் செட்டு இருந்தது.

அந்த டப்பாவை எனக்குத் தெரியும். தினமும் தலையணைக்கு அடியில் இருக்கும். ராத்திரி கழற்றினால் காலையில் முதல் வேலையாக மாட்டிக்கொள்வார். அவசரத்தில் பையில் விழுந்த பொருள் மேலே கிடக்கும். இப்படிப் பாவாடைக்குள் போய்ப் பதுங்காது.

நான் அதை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். கேஷுவாலிட்டி வாசலில் ஸ்டெல்லா என் கையைப் பார்த்தாள். நான் டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். மேலே போய்க் கொடுத்ததும் தனகோட்டியம்மா பல்லை மாட்டிக்கொண்டு சாப்பிட்டார்; பரஸ்தானம் கெட்டுப்போனதால் பையும் பின்னாலேயே கட்டிலுக்குத் திரும்பி வந்தது.

அன்று மாலைக் காபி கொடுத்தபோது அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கண்ணை மூடிக் குடித்தார். மற்றவர்கள் காபியைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள். நான் வாளியை எடுத்துவந்து அவர் கட்டிலுக்கு அடியில் துடைக்க ஆரம்பித்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அங்கே ஏற்கெனவே துடைத்தாகிவிட்டது. கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் துடைத்துக்கொண்டே இருந்தேன். தெரிந்துகொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு ஆள் பேசாமல் ரொம்ப நேரம் இருந்தால் நோயாளிகள் தாங்க மாட்டார்கள்.

"டப்பாவ நீதான் எடுத்தியா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"ம்."

"எங்கருந்து?"

"பாவாடைக்குள்ளேருந்து."

கட்டில் கிறீச்சிட, அவர் ஓரத்துக்கு நகர்ந்து வந்தார்.

"மகேசு, கல்யாணம் ஆகி நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சி. கண்ணத் தொறந்தா ஒருத்தர் காபி எட்தாந்து குடுக்கறது இங்கதாம்மா. நா எய்ந்து போயி, அடுப்பப் பத்த வச்சி, எல்லாருக்கும் குடுத்துட்டு, அடில நிக்கற ஆறிப்போனதக் குடிப்பேன். இன்னைக்குப் போனேன்னா நாளைக்குக் காலைல மாவு ஆட்டணும். அந்த கிரைண்டர் கல்லு இன்னா கனம் கனக்கும் தெரியுமா? டாக்டரு வேல செய்யாதன்னாரு. யாரு கிட்ட சொன்னாரு? என்கிட்ட சொன்னாரு. நா யாரு கிட்ட சொல்றது?"

நான் கட்டிலுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"வூட்ல யாரும் கெட்டவங்க இல்லம்மா. அவங்களுக்குத் தோணாது, அவ்ளோதான். நா சொல்லவும் மாட்டேன். இன்னும் ரெண்டு நாளு. புதன்கெழம நவமி இருக்கு, பாத்துட்டேன்."

மேலே ஒருவருக்கு ஓய்வு வேண்டும். கீழே ஒருத்திக்குக் கட்டில் வேண்டும். இரண்டு பேரும் சரி. இந்த மாதிரி நேரத்தில் அட்டெண்டர் தானே ஒரு தீர்ப்புச் சொல்லப் போகக் கூடாது. அதே சமயம் கேட்டதை வயிற்றுக்குள் போட்டு மூடிக்கொள்ளவும் கூடாது. யாரிடம் சொன்னால் அந்த அம்மாவின் மானம் போகாமல் காரியம் நடக்குமோ அவரிடம் மட்டும் சொல்ல வேண்டும். நான் சிஸ்டரிடம் போனேன். மருந்து அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

சிஸ்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தப்பு நம்ம மேலதான், மகேஸ்வரி. ரெஸ்ட் எடுங்கன்னு நோயாளி கிட்டயே சொல்லி அனுப்பறோம். அவங்க வேலைய செய்யப்போறது யாரோ அவங்க கிட்ட இல்ல சொல்லணும்?" கொஞ்சம் யோசித்தார். "அந்தப் பெரியவருக்குக் காபி போடத் தெரியுமா?"

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் பார்வையாளர் நேரம். வேதாசலம் வந்தார். ஸ்டெல்லாவுக்கு ஆம்புலன்ஸ் நாலு மணிக்குச் சொல்லியாகிவிட்டது. சிஸ்டர் பெரியவரை நேராக வார்டுச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சமையலறை என்றால், பால் காய்ச்ச ஒரு அடுப்பு இருக்கும் சின்ன அறை. நான் பின்னால் போனேன்.

"ஐயா, உங்க வீட்டம்மா வெயிட் தூக்கக் கூடாது, மாவு ஆட்டக் கூடாது, அடுப்பு கிட்ட நிக்கக் கூடாது. ஆறு வாரம்."

"அதெல்லாம் பாத்துக்கலாம் சிஸ்டர். அவ இரும்பு மாரி."

"அந்த இரும்பத்தான் தைச்சு அனுப்பறோம். பளு தூக்கினா தையல் பிரிஞ்சிடும். திரும்ப அறுக்கணும்."

வேதாசலம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "இத்த யாருமே சொல்லலயே சிஸ்டர்!"

"இப்ப சொல்றேன். மாவு கடையில வாங்கிக்கலாம். துணி மகன் துவைக்கட்டும். காலையில காபி யார் போடுவா?"

"அவதான்."

"அவங்க போடக் கூடாது."

"சரி, நா டீக்கடைல குடிச்சிக்கறேன்."

"உங்களுக்கு இல்லைங்க ஐயா. அவங்களுக்கு."

வேதாசலம் சிஸ்டரையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கேள்வி அவர் பக்கம் இதுவரை வந்ததே இல்லை என்று தெரிந்தது.

"பாலு இங்க இருக்கு, தூள் இங்க இருக்கு. ஒரு காபி போடுங்க. அதை அவங்க குடிக்கட்டும். மகேஸ்வரி, நீ ஒண்ணும் சொல்லிக் குடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சிஸ்டர் கதவில் சாய்ந்துகொண்டார்.

சொல்லிக் கொடுக்காமல் இருப்பது எனக்குச் சுலபம் என்றுதான் நினைத்தேன். வாழ்க்கையிலேயே வாயை அடக்க நான் சிரமப்பட்டது அந்தக் கொஞ்ச நேரம்தான். பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்தார். பாதி சட்டையில் போனது. அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாமல் எல்லாத் திருகையும் திருகினார். பால் பொங்குவதைக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அது வழிந்ததும், "ஏய் ஏய் ஏய்!" என்று மாட்டை விரட்டுகிற மாதிரி விரட்டினார். பிறகு வெறும் கையால் பாத்திரத்தைத் தொட்டுவிட்டு, விரலைக் காதுமடலில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, தூளு மொதல்லயா, அப்பாலயா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"தினோம் இவ்ளோ பேஜார் புடிச்ச வேலயா இது?" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

டம்ளரைத் துண்டில் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தார். விஷயம் எப்படிப் பரவியதோ, படுத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். "தாத்தா, ஊத்திக்கினு போறீங்க, பாத்து!" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். அவர் டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஜன்னல் ஓரக் கட்டில் வரைக்கும் போய்ச் சேர்ந்தார்.

தனகோட்டியம்மா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாய்யா இது?"

"காபி."

"யாரு போட்டது?"

"நாந்தான்."

"நீயா?"

"பின்ன, கலெக்டரா வந்து போடுவாரு? குடிமே, ஆறிடப் போவுது."

தனகோட்டியம்மா டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். கேன்டீன் காபியைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தவர், இதைக் கண்ணைத் திறந்துகொண்டு, அவரையே பார்த்துக்கொண்டு குடித்தார். ஒரு வாய் உள்ளே போனதும் முகம் கோணியது. லட்சுமி டீச்சர் கழுத்தை நீட்டினார். நான் வாளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கீழே ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"சக்கரையே போடலயே."

"சிஸ்டரு பாலும் தூளும்தான் காட்டுச்சி."

"வூட்ல சக்கர டப்பா எங்க கீதுன்னு தெரியுமா?"

வேதாசலம் யோசித்தார். "தெரியாது."

"அலமாரில ரெண்டாவது தட்டு. நீல மூடி போட்டது. நீதான் எடுக்கணும்."

"எடுக்கறேன்."

"தினோம் எடுக்கணும்."

"எடுக்கறேன்மே. தையல் பிரிஞ்சிடும்னு சொல்லிக்கிறாங்க. என்கிட்ட நீ ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

தனகோட்டியம்மா டம்ளரை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார். அந்தக் காபியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுக் காலைக் கீழே வைத்தார்.

"மகேசு, பைய எடு."

லட்சுமி டீச்சர் காலண்டரைப் பார்த்துப் பதறினார். "அம்மா, செவ்வாய்க்கிழமை! ராகு காலம் வேற, நாலரைக்குத்தான் முடியும்!"

"அட, நீ ஒண்ணு" என்றார் தனகோட்டியம்மா. "இன்னைக்குத்தான் கத்துக்கினுக்கிறாரு. நல்ல நாள் பாத்துக்கினு இருந்தா மறந்துடுவாரு."

பையை வேதாசலம் சுமக்க, வேதாசலத்தைப் பிடித்துக்கொண்டு, ராகு காலத்தில் நடந்து போனார். கேஷுவாலிட்டி வாசலில் டிராலியில் இருந்த ஸ்டெல்லாவைப் பார்த்து நின்றார். "இன்னாமா, காலா? மேல போ. ஜன்னலோரம், நல்லா காத்து வரும்" என்றார். தான் எழுந்த கட்டிலுக்காகத்தான் அவள் காத்திருந்தாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்டெல்லாவும் தான் செய்த ஜெபத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர்தான் வீணாக வந்தேன் என்று என்னிடம் சண்டை போட்டார். அவரையும் துடைத்துத்தான் அனுப்பினேன்.

ஸ்டெல்லாவுக்குப் புதன்கிழமை ஆபரேஷன் ஆனது. காபி குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று காலையில் கேனைக் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்தாள்.

"ஐயே! இன்னாக்கா இது, துணி அலசின தண்ணி மாரி! எங்க வூட்டுக்காரரு ஆட்டோ எடுக்கறதுக்கு மின்ன போட்டுக் குடுத்துட்டுப் போவாரு பாரு, அது காபி!"

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இவள் டிஸ்சார்ஜ் என்றால் நிற்காமல் ஓடுவாள் என்று தெரிந்தது. அப்படித்தான் ஓடினாள், ஊன்றுகோலோடு.

அதற்குப் பிறகு சிஸ்டர் வார்டில் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். நோயாளி வீட்டுக்குப் போகும் முன்னால், அவர் வீட்டு வேலையைச் செய்யப்போகிறவரை நேரில் கூப்பிட்டு நிற்க வைத்துச் சொல்வது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். நான் சேர்த்துச் சொல்வது ஒன்றுதான். காலையில் காபி ஊற்றும்போது டம்ளரைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள். திட்டுகிறவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் காபியை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் துடையுங்கள்.

ஆறு வாரம் கழித்துத் தனகோட்டியம்மா தையலைக் காட்ட வந்தார். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. வேதாசலம் கையில் ஒரு பிளாஸ்க். "உனக்குத்தாம்மா. அன்னைக்கு நீ கூரயப் பாத்துக்கினு நின்ன பாரு, அப்பவே நெனச்சேன், இந்தப் பொண்ணுக்கு ஒரு நாளு நல்ல காபி குடுக்கணும்னு" என்று மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.

இப்போது சர்க்கரை இருந்தது. நிறையவே இருந்தது. மற்றபடி, ஆறு வாரத்தில் அவர் பெரிதாக ஒன்றும் முன்னேறவில்லை. நான் சுவரோரம் நின்று, மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் குடித்து முடித்தேன்.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போன சிஸ்டர் சட்டென்று நின்றார். திரும்பி வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மகேஸ்வரி, உங்க வீட்ல யார் காபி போடறது?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு ஆண்கள் வார்டுப் பக்கம் போய்விட்டேன். அங்கே துடைக்க வேண்டியது நிறைய இருந்தது.